திருமணப் பதிவுக்கு ஈடாக ஒரு காகிதக் கட்டு: மதுரையில் தன்பாலின இணையருக்கான ஆவணச் சேவை எப்படி?

மதுரை மாவட்ட நீதிமன்றத்தை ஒட்டிய வழக்கறிஞர் அலுவலகங்களிலும், சார்பதிவாளர் அலுவலக வாசல்களில் இருக்கும் ஆவண எழுத்தர் கடைகளிலும் கிடைக்கிற ஒரு சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. ஆணும் ஆணுமாகவோ பெண்ணும் பெண்ணுமாகவோ சேர்ந்து வாழும் இருவருக்குத் திருமணத்தைப் பதிய வழியில்லை. அதனால் உயில், சேர்ந்து வாழும் ஒப்பந்தம், பவர் பத்திரம், மருத்துவ முன்விருப்ப ஆவணம், கூட்டு வங்கிக் கணக்கு என்று ஒரு கட்டாகச் செய்துகொள்கிறார்கள். கட்டு திருமணத்துக்கு ஈடாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் அதில் உயிலும் மருத்துவக் காகிதங்களும் கொடுக்கிற காசுக்கு முழுப் பலன் தரும். கூட்டுக் கணக்குக்குச் செலவே இல்லை, கட்டாயம் செய்யலாம். ஒப்பந்தம் பாதிக்குத்தான் உதவும். தானப் பத்திரம் பெரும்பாலோருக்கு நஷ்டக் கணக்கு.

முதலில் பதிவு ஏன் கிடைப்பதில்லை என்பது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன் கீழ் எந்த மதத்துத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை போகலாம். விண்ணப்பத்தில் கணவன் பெயருக்கு ஓர் இடம், மனைவி பெயருக்கு ஓர் இடம். சிறப்புத் திருமணச் சட்டம் 1954 மதம் பார்க்காது. ஆனாலும் ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது என்றுதான் அதன் 4-ஆம் பிரிவு பேசுகிறது. அந்தப் பிரிவைத் தன்பாலின இணையருக்கும் விரித்துப் படிக்கச் சொல்லித்தான் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக மறுத்தார்கள்: திருமணம் செய்வது அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை ஆகாது, சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாத சட்டபூர்வ இணைவாவது கொடுக்கலாமா என்பதில்தான் பிளவு, அதுவும் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாகின.

ஒரு விதிவிலக்கு உண்டு, மதுரைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது. தூத்துக்குடியில் 2018 அக்டோபரில் கோயிலில் நடந்த ஓர் ஆண், ஒரு திருநங்கை ஆகியோரின் திருமணத்தைப் பதிய அங்குள்ள இணைப் பதிவாளர் மறுத்தார். மாவட்டப் பதிவாளரும் அதையே உறுதி செய்தார். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் உள்ள மணமகள் என்ற சொல் என்றைக்கும் மாறாமல் உறைந்து கிடப்பதில்லை, அதில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்துப் பதியச் சொன்னார். 2023 தீர்ப்பிலும் ஐந்து நீதிபதிகளும் இதை ஏற்றிருக்கிறார்கள். ஆகவே இணையரில் ஒருவர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருந்து, அது ஆண் பெண் இணையாக அமைந்தால், காகிதக் கட்டில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். நேரே பதிவுக்குப் போங்கள். மாவட்ட ஆட்சியர் வழங்கிய பாலின அடையாளச் சான்றையும், மதுரைக் கிளைத் தீர்ப்பின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பின் எண் 2019-ஆம் ஆண்டின் ரிட் மனு 4125. வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்து மறுப்பு இல்லாமல் மேல்முறையீடு நகராது. நல்ல வழக்கறிஞரா என்று பார்க்க இது ஒரு எளிய சோதனை: வந்தவர்களிடம் முதலில் இருவரில் யாராவது திருநங்கையா திருநம்பியா என்று கேட்காமல் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து நீட்டுபவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

இனி, இந்தச் சேவையை வாங்கப் போகிறவர்கள் வாசலிலேயே கேட்கிற வாதங்களுக்கு வருவோம். எழுத்தர் கடைப் பெஞ்சிலும் வீட்டுக் கூடத்திலும் அதே வாதங்கள்தான். அவற்றில் எது காகிதத்தைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இந்துத் தரப்பில் சொல்லப்படுவது, திருமணம் என்பது சம்ஸ்காரம், கன்னிகாதானமும் சப்தபதியும் ஆணையும் பெண்ணையும் முன்வைத்தே அமைந்தவை, சந்ததி அதன் நோக்கம் என்பது. சித்திரைத் திருக்கல்யாணத்தன்று ஊரே தாலிக் கயிறு மாற்றிக்கொள்ளும் மதுரையில் இந்த வாதத்துக்குக் கனம் அதிகம். அதே மரபுக்குள்ளிருந்து எதிர்வாதமும் வருகிறது: மகனைப் போல வளர்க்கப்பட்டு முடிசூடிப் படையெடுத்த தடாதகை என்ற மீனாட்சியும், பாதி உடம்பைப் பெண்ணுக்குக் கொடுத்த அர்த்தநாரியும் இந்த மண்ணின் தெய்வங்கள்தானே என்று. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1055-ஆம் விதி திருமணத்தை ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான உடன்படிக்கை என்கிறது. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் தன்பாலின இணையருக்கு வழிபாட்டுச் சடங்கு அல்லாத எளிய ஆசி தரலாம் என்று அனுமதித்தது, அதே ஆவணத்தில் திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்றும் எழுதியது. இஸ்லாத்தில் நிக்காஹ் மஹரும் சாட்சிகளும் உள்ள ஒப்பந்தம். ஆனால் ஒப்பந்தம் செய்பவர்கள் ஆணும் பெண்ணும்தான் என்பதில் உலமாக்கள் உறுதியாக இருக்கிறார்கள். உலமாக்களின் அமைப்பான ஜமியத் உலமா-ஏ-ஹிந்த் உச்ச நீதிமன்றத்தில் இடையீட்டு மனு போட்டு எதிர்த்தது.

இவை நம்பிக்கை உள்ளவர்கள் மனசார நம்புகிற வாதங்கள், அவமதிக்க வேண்டியவை ஆகா. ஆனால் இவை எல்லாமே சடங்கைப் பற்றியவை. உச்ச நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கிய 2023 ஏப்ரல் 18 அன்றே மதங்களின் தனிநபர் சட்டத்துக்குள் போகமாட்டோம் என்று அமர்வு தெளிவுபடுத்திவிட்டது. எந்தக் கோயிலையும் தேவாலயத்தையும் பள்ளிவாசலையும் மணம் செய்துவைக்கக் கட்டாயப்படுத்தும் கேள்வி அங்கே எழவில்லை. கேட்டது அரசுப் பதிவேட்டில் ஓர் இடம். விவாகரத்தான கத்தோலிக்கர் மறுமணம் செய்தால் திருச்சபை ஏற்காது, சார்பதிவாளர் பதிந்துகொடுப்பார். இதனால் திருச்சபைக்கு எந்தக் குறையும் வரவில்லை. தாய்மாமனைக் கட்டுவது வடக்கே பல சமூகங்களில் நினைத்துப் பார்க்கக்கூடாத உறவு, நம் ஊரில் உரிமை. இந்து திருமணச் சட்டம் 'வழக்கம் அனுமதித்தால்' என்று ஒரு வாசகத்தைச் சேர்த்து இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டது. சட்டத்துக்கு வளையத் தெரியும்.

மதம் சாராத எதிர்வாதங்கள்தான் காகிதத்தை நேராகத் தொடுபவை, அதனால் அவற்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலாவது, பிள்ளைப்பேறு அரசின் அக்கறை என்பது. அறுபது வயதைத் தாண்டிய இருவர் சிறப்புத் திருமணச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தால் எந்த அலுவலரும் பிள்ளை பெறுவீர்களா என்று கேட்பதில்லை. சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. இரண்டாவது, இது நகரத்து மேட்டுக்குடியின் ஆசை என்று ஒன்றிய அரசு 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. தமிழ்நாட்டுக் காவல் துறைக்கும் மருத்துவத் துறைக்கும் இந்த விஷயத்தில் விதி எழுத வைத்த வழக்கு, மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பிச் சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்களின் வழக்கு. பெற்றோர் கொடுத்த காணவில்லை புகாரோடு காவல் துறை அவர்களைத் தேடிப் போனதால்தான் அவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். மேட்டுக்குடி என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. மூன்றாவது வாதத்தை மட்டும் எளிதில் தள்ள முடியாது: ஏறத்தாழ 160 சட்ட விதிகளில் கணவன், மனைவி என்று எழுதியிருக்கிறது, ஒன்றைத் தொட்டால் எல்லாம் குழம்பும் என்று ஒன்றிய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் வாதாடினார். நீதிமன்றம் தயங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே 160 விதிகளைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். சாதாரணத் தம்பதிக்குத் தாமாகக் கிடைத்து இந்த இணையருக்குக் கிடைக்காமல் போவதன் பட்டியல் அதுதான். காகிதக் கட்டு ஈடுகட்ட முயல்வதும் அந்தப் பட்டியலைத்தான், விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில் மட்டும்.

சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. புரோகிதர் வேண்டாம், உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் இருவரும் புரிந்த மொழியில் உறுதி சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் அல்லது தாலி கட்டினால் திருமணம் முடிந்தது. பொது அறிவிப்பும் தேவையில்லை, வழக்கறிஞர் தொழில் முறையில் நடத்தி வைக்கக் கூடாது என்றாலும் நண்பராகவோ உறவினராகவோ சாட்சி நிற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 28 அன்று தெளிவாக்கியது. ஆனால் அந்தப் பிரிவிலும் ஒருவர் மற்றவரைக் கணவனாக அல்லது மனைவியாக ஏற்பதாகத்தான் உறுதிமொழி. அய்யரைக் கழித்த சட்டம் அந்த இரண்டு சொற்களைக் கழிக்கவில்லை. மண்டபம் பிடித்து மாலை மாற்றிக்கொள்ளத் தடை எதுவும் இல்லை, குற்றமும் இல்லை. பதிவேட்டுக்கு மட்டும் அது வராது. சுயமரியாதைத் திருமணச் சான்று என்று அச்சடித்துக் கொடுத்து, இதை வைத்துப் பதிந்துகொள்ளலாம் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒருவரை ஆண் என்றோ பெண் என்றோ மாற்றிக் காட்டிப் பதிந்தால் அது பொய்யுறுதி, இருவர் மேலும் வழக்கு வரும்.

இப்போது கட்டு. உயில்தான் இதன் உயிர். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், மனைவி மக்கள் இல்லாத நிலையில், முதல் வகுப்பு வாரிசான தாய்க்கு எல்லாம் போகும். மணமாகாத பெண் இறந்தால் பெற்றோருக்கு. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் இணையருக்குச் சல்லிக்காசு வராது, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் பெயரும் வராது. உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, வெள்ளைத் தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் இந்த இணையர் கட்டாயம் பதிய வேண்டும். காரணம், பிற்பாடு வழக்கு வரும் என்றே எண்ணி எழுத வேண்டிய உயில் இது. குறைந்தது இரண்டு சாட்சிகள், எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, அவர் முன்னாலேயே கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது பிற்காலத்தில் நீதிமன்றக் கூண்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும், ஆகவே எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, ஊரில் நிலையாக இருப்பவர்களாகப் பாருங்கள். இணையர் சாட்சிக் கையெழுத்துப் போடவே கூடாது. கிறிஸ்தவர் உயிலில் அப்படிப் போட்டால் அவருக்கு எழுதிய பகுதியே செல்லாது. இந்து உயிலில் செல்லும் என்றாலும் எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

இந்த உயில்கள் தோற்பது பெரும்பாலும் எழுத்துப் பிழையால் இல்லை, சந்தேகச் சூழல் என்ற காரணத்தால். பெற்றவரையும் உடன்பிறந்தவரையும் விட்டுவிட்டு வெளியாளுக்கு ஏன் எழுதினார் என்று நீதிபதி கேட்பார். உயிலிலேயே அதற்குப் பதில் இருக்க வேண்டும். 'என் தாயாருக்கு ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ளதாலும், இன்னார் இத்தனை ஆண்டுகளாக என்னுடன் ஒரே வீட்டில் வசித்து என்னைப் பராமரித்து வருவதாலும்' என்கிற மாதிரி இரண்டு வரி போதும். தாய்க்கு ஏதாவது ஒன்று, ஒரு வைப்புத்தொகையானாலும், எழுதிவைப்பது உயிலைப் பலப்படுத்தும். வாழ்க்கைத் துணை என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சேருங்கள். உறவை யாராவது மறுத்தாலும் ஆளை மறுக்க முடியாது. அன்றைய தேதியிட்ட மருத்துவர் சான்று ஒன்றை இணையுங்கள். பக்கம் பக்கமாகக் கையெழுத்து. பதிவன்று இணையர் அலுவலகத்துக்கு வராமல் இருப்பது நல்லது. பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும், முழு வீட்டையும் எழுதினாலும் மற்றவர் பங்குக்கு அது செல்லாது. முஸ்லிமாக இருந்தால், வாரிசுகள் சம்மதிக்காத நிலையில் வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது. இதைச் சொல்லாமல் முழுச் சொத்துக்கும் எழுதிக் கொடுக்கிற எழுத்தர் தொழில் தெரியாதவர்.

ரகசியம் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. உயில் சார்பதிவாளர் அலுவலகத்தின் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். வில்லங்கச் சான்றில் வராது. ஊரில் அண்ணனோ சித்தப்பாவோ போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தானப் பத்திரத்தில் நிலைமை தலைகீழ். அது முதல் புத்தகம், வில்லங்கம் போட்டால் யாருக்கும் தெரியும். செலவோ இன்னும் மோசம். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. குடும்பம் என்பது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர். இந்த வட்டத்துக்கு வெளியே போனால் 7 சதவீதமும் 2 சதவீதமும், உச்சவரம்பு கிடையாது. 30 லட்ச ரூபாய் மதிப்புள்ள வீடு என்றால் மனைவிக்கு எழுத 40,000 ரூபாய், இணையருக்கு எழுத 2,70,000 ரூபாய். அதோடு முடியாது. வருமான வரிச் சட்டப்படி உறவினர் அல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய் மதிப்பைத் தாண்டி இலவசமாகச் சொத்து வந்தால், அது வாங்கியவரின் அந்த வருட வருமானத்தில் சேரும். இணையர் அந்த உறவினர் பட்டியலில் இல்லை. உயில் மூலம் வந்தால் இந்த வரி கிடையாது. சில எழுத்தர்கள் 'தானமாக எழுதிட்டா பிரச்சினையே இல்லை சார்' என்று தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வாங்கும்போதே இருவர் பெயரிலும், யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்ற விகிதத்தைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதி வாங்குவது சிறந்த வழி. தன் பாகத்துக்கு ஆளுக்கொரு உயில்.

சேர்ந்து வாழும் ஒப்பந்தம் 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முன் கையெழுத்தாகிறது. வீட்டுச் செலவைப் பகிர்வது, பொருள்கள் யாருடையவை, பிரிந்தால் முன்பணமும் கடனும் எப்படி என்பவற்றுக்கு இது பயன்படும். இதில் திருமணம், கணவன், மனைவி, தாம்பத்தியம் என்ற சொற்கள் வரவே கூடாது. வந்தால் பொதுக் கொள்கைக்கு முரண் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டிச் செலவுப் பகிர்வு வரிகளையும் சேர்த்தே வீழ்த்தப் பார்ப்பார்கள். உணர்ச்சிகரமாக எழுத வேண்டும் என்று ஆசை வருவது இயல்புதான். அதைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட உறவுகளுக்குக் குடும்ப இணைவு ஆவணம் ஒன்றைப் பதியும் நடைமுறையைப் பரிசீலிக்க மாநில அரசிடம் சொன்னார். அப்படித் தனி நடைமுறை இல்லாத வரை, குடும்ப இணைவு ஆவணம் என்று தலைப்புப் போட்டு நோட்டரி முத்திரை குத்தினால் அதற்குச் சாதாரண ஒப்பந்தத்துக்கு மேல் பலம் கிடையாது. தலைப்புக்கென்று தனிக் கட்டணம் கேட்கும் அலுவலகங்களைத் தவிருங்கள். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி ஆகாது, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னது. காவல் நிலையத்தில் காட்ட இது உதவும். வங்கி மேலாளரிடமோ பதிவாளரிடமோ இதனால் எதுவும் வாங்க முடியாது.

மருத்துவக் காகிதம்தான் அவசரத்தில் கைகொடுப்பது, ஆனால் கடைகளில் மிகவும் தவறாக விற்கப்படுவதும் இதுதான். மருத்துவ பவர் என்று எழுதித் தருவார்கள். பவர் கொடுத்தவர் நினைவிழந்து மனத் திறன் போனால் பவரும் செல்லாமல் போகும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு. அதாவது எப்போது தேவையோ அப்போது இருக்காது. அதற்குப் பதில் இரண்டு ஆவணம் செய்யுங்கள். ஒன்று, உச்ச நீதிமன்றம் 2018-இல் அங்கீகரித்து 2023 ஜனவரி 24 அன்று எளிமையாக்கிய மருத்துவ முன்விருப்ப ஆவணம். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு அலுவலர் முன் கையெழுத்து. அதில் ஒன்றுக்கு மேற்பட்டவரைப் பாதுகாவலராகப் பெயர் சொல்லலாம். முதல் பெயராக இணையரைப் போடலாம். உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்கிற கட்டத்துக்குத்தான் இது. இரண்டாவது, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 14-ஆம் பிரிவுப்படி நியமனப் பிரதிநிதி, அதாவது மனநலச் சிகிச்சையில் உங்கள் சார்பில் பேச நீங்களே பெயர் சொல்லும் ஆள். இதற்கு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும், நோட்டரியும் வேண்டாம், காசும் வேண்டாம். குடும்பத்தார் வலுக்கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு தாள் பெரிய அரண். தன்பாலின ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்யும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்துவிட்டது என்பதையும் அதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறந்தவர் உடலைப் பெறுவது பற்றி ஒன்றிய நலவாழ்வுத் துறை 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், நெருங்கிய உறவினர் கிடைக்காதபோது இணையர் பெறலாம் என்கிறது. உறவினர் வந்து நின்றால் அவர்களுக்கே முன்னுரிமை. இதைக் காகிதத்தால் சரிசெய்ய வழியில்லை. கட்டின் ஆகப்பெரிய ஓட்டை இது, இதைச் சொல்லாமல் விற்பவர்கள் நேர்மையற்றவர்கள்.

வங்கி, ரேஷன் விஷயத்தில் நிலைமை பரவாயில்லை. கூட்டுக் கணக்குத் தொடங்கவோ இணையரை நாமினியாகப் போடவோ தடையில்லை என்று ரிசர்வ் வங்கியும் நிதித் துறையும் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தின. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கொள்ளலாம் என்று ஒன்றிய உணவுத் துறையும் சொல்லியிருக்கிறது. கிளையில் உறவு என்ன என்று கேட்டால் அந்தச் சுற்றறிக்கையின் அச்சு நகலை நீட்டுங்கள், வாய்வாதம் வேண்டாம். 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் போனபின் பணம் முடங்கும். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக் கொடுக்கும் கைதான், உரிமையாளர் ஆகமாட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. நாமினி இணையராக இருந்து உயில் இல்லாவிட்டால் அந்தப் பணத்தையும் வாரிசுகள் கேட்டு வாங்க முடியும். ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே சொந்தம் என்று 2015 திருத்தம் சொல்கிறது. அந்த வரிசையில் இணையர் இல்லை. எனவே பாலிசி எண்ணை உயிலில் குறிப்பிட்டு எழுதுங்கள்.

வாடகை வீட்டுக்கு ஒப்பந்தத்தில் இருவரையும் குடியிருப்பவர்களாகப் போட வேண்டும். ஒருவர் பெயரில் எடுத்து மற்றவர் கூட இருந்தால், அந்த ஒருவர் போன மறுநாள் மற்றவருக்கு அங்கே இருக்க ஆதாரமில்லை.

காவல் நிலையத்துக்கென்று ஒரு சின்ன உறை தயாராக இருக்கட்டும். இருவரின் வயதுச் சான்று, சொந்த விருப்பத்தில் சேர்ந்து வாழ்கிறோம் என்று தனித்தனியாக எழுதிய கடிதம், 2021 ஜூன் 7 தேதியிட்ட சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் நகல். காணவில்லை புகாரில் தேடப்படுபவர்கள் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடிக்க வேண்டும் என்பது அதிலுள்ளது. 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்து, இவர்களைத் தொந்தரவு செய்வது ஒழுங்கு நடவடிக்கைக்குரியதாகிவிட்டது. ஒருவரைப் பிடித்துவைத்துவிட்டால் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு. அதைப் போடும் வழக்கறிஞரின் எண் இருவரிடமும் மட்டுமின்றி, வெளியில் நம்பகமான மூன்றாவது ஆளிடமும் இருக்க வேண்டும்.

யாரிடம் செய்வது? உயிலுக்கு நல்ல ஆவண எழுத்தர் போதும். மற்றவற்றுக்குக் குடும்ப வழக்கு நடத்திப் பழகிய வழக்கறிஞர்தான் சரி. மதுரையில் இந்தச் சேவையின் பெருங்குறை தனிமை இல்லாதது. எழுத்தர் கடை என்றால் பெஞ்சு, நாலு பேர், ஒரு கணினி, திரையில் உங்கள் உயில். முன்கூட்டியே பேசி, கூட்டமில்லாத நேரம் கேட்டு, வரைவை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள். கட்டணம் பக்கக் கணக்கா மொத்தமா என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். விஷயம் இன்னதென்று தெரிந்தபின் விலையைக் கூட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஊரில் சொந்தபந்தம் அதிகம் உள்ளவர்கள் தங்கள் வட்டாரச் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தவிர்க்கலாம். உயிலை எந்த அலுவலகத்திலும் பதியலாம், சொத்து இருக்கும் எல்லையில்தான் பதிய வேண்டும் என்ற விதி அதற்குப் பொருந்தாது.

ஒரே நாளில் எல்லாம் முடியாது. முதல் வாரத்தில் நியமனப் பிரதிநிதித் தாளும் கூட்டுக் கணக்கும், பிறகு உயில், அதன்பின் மருத்துவ முன்விருப்ப ஆவணம், வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இரண்டு பெயர். ஒப்பந்தம் கடைசி. மூல உயிலை வீட்டு பீரோவில் வைக்காமல் வங்கி லாக்கரிலோ உயிலை நிறைவேற்ற நியமித்தவரிடமோ வையுங்கள். லாக்கர் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும், ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் உயிலை எடுப்பதற்கே வாரிசுகளின் கையெழுத்தைத் தேடிப் போக வேண்டிவரும்.